ஒழுகும் காதும் நடுச்செவிப் புற்றுநோயும்: ஒரு வரலாறு

நடுச்செவிப் புற்றுநோய் மிக அரிதான நோய். காதுக் குழாய், நடுச்செவி, மாஸ்டாய்டு எலும்பு ஆகிய மூன்றையும் தாங்கி நிற்பது பொட்டெலும்பு. அதில் தோன்றும் எல்லாப் புற்றுகளையும் ஒன்றாகச் சேர்த்துக் கணக்கிட்டாலும், ஆண்டுக்குப் பத்து லட்சம் பேரில் ஒருவர் முதல் ஆறு பேர் வரையே அவற்றுக்கு ஆளாகிறார்கள். அவற்றுள் நடுச்செவியிலேயே தொடங்குபவை இன்னும் குறைவு. காது மூக்கு தொண்டை மருத்துவர் ஒருவர் தம் பணிக்காலம் முழுவதிலும் இத்தகைய நோயாளிகள் ஒன்றிரண்டு பேரைப் பார்க்கலாம். ஒருவரைக் கூடப் பார்க்காமலும் போகலாம்.

இந்த நோயாளிகளுள் பலருக்கு ஒரு பொதுவான முன்கதை உண்டு. பத்து, இருபது, முப்பது ஆண்டுகளாக அவர்களது காதில் சீழ் வடிந்துகொண்டிருந்திருக்கும். சிறு வயதில் தொடங்கிய ஒழுக்கு நிற்பதும் மறுபடி வருவதுமாக இருந்திருக்கும். நோயாளியும் வீட்டாரும் மருத்துவரும் அதற்குப் பழகிப் போயிருப்பார்கள். புற்று வந்தபோதும் காது முன்போலவே ஒழுகியது. அதனால் புதிய நோய் ஒன்று வந்திருப்பது எவருக்கும் தெரியவில்லை. இந்நோயின் வரலாறு பெரும்பாலும் இந்தத் தாமதத்தின் வரலாறுதான்.

இருக்கக் கூடாத இடத்தில் தோல்

செவிப்பறைக்குப் பின்னால் காற்று நிரம்பிய சிறிய அறையே நடுச்செவி. சுத்தி, பட்டடை, அங்கவடி என்னும் மூன்று சிற்றெலும்புகள் அதில் உள்ளன. யூஸ்டேக்கியன் குழாய் அந்த அறையை மூக்கின் பின்பகுதியோடு இணைக்கிறது. பின்புறம் அது மாஸ்டாய்டு எலும்பின் காற்றறைகளுக்குத் திறக்கிறது. அறையின் கூரைக்கு மேல் மூளை. தரைக்குக் கீழ் கழுத்துச் சிரை. முன்சுவருக்கு அப்பால் மூளைக்குக் குருதி கொண்டு செல்லும் கரோட்டிட் தமனி. உட்சுவரில் முகத்தை அசைக்கும் நரம்பு. ஒரு பட்டாணி நுழையும் அளவே உள்ள இடத்தைச் சுற்றி இத்தனை முக்கிய உறுப்புகள் நெருங்கி அமைந்திருக்கின்றன.

இந்த அறையின் உட்பூச்சு தோல் அன்று, மெல்லிய சளிச்சவ்வு. ஆனால் இங்கே தோன்றும் புற்றுகளில் பெரும்பாலானவை செதிள் உயிரணுப் புற்றுகள், அதாவது தோலிலும் வாயிலும் தோன்றும் வகையைச் சேர்ந்தவை. செதிள் உயிரணுக்களே இல்லாத இடத்தில் அவற்றின் புற்று எப்படித் தோன்றுகிறது என்பது பத்தொன்பதாம் நூற்றாண்டு ஆய்வாளர்களுக்குப் புரியாத கேள்வியாக இருந்தது.

இரண்டு விடைகள் முன்வைக்கப்பட்டன. நெடுநாள் அழற்சியால் சளிச்சவ்வே தன் இயல்பு மாறிச் செதிள் திசுவாக உருமாறுகிறது என்பது ஒன்று. செவிப்பறையில் விழுந்த ஓட்டை வழியாகக் காதுக் குழாயின் தோல் உள்ளே வளர்ந்து பரவுகிறது என்பது மற்றொன்று. இரண்டாவது நிகழ்வதை 1880-களின் இறுதியில் ஹாபர்மன், பெத்சோல்ட் ஆகியோர் விளக்கினார்கள். அப்படி உள்ளே நுழைந்த தோல் உரிந்து உரிந்து சேரும் முத்து நிறத் திரளுக்குக் கொலஸ்டியாட்டோமா என்று பெயர். பிரான்சின் குருவேயே 1829-இல் அதை முத்துக் கட்டி என்று வருணித்திருந்தார். இன்று வழங்கும் பெயரை 1838-இல் ஜெர்மானிய உடலியலாளர் யோஹானஸ் முல்லர் வைத்தார். பெயரில் கொலஸ்டிரால் இருந்தாலும் அது கொழுப்புக் கட்டி அன்று. இறுதி ஒலி கட்டியைக் குறித்தாலும் அது புற்றும் அன்று. ஆனால் எலும்பை அரிக்கும். இந்தக் குணத்தால், எலும்பை அரிக்கும் உண்மையான புற்று பின்னர் வந்தபோதும் மருத்துவர்கள் அதைக் கொலஸ்டியாட்டோமா என்றே எண்ண நேர்ந்தது.

1775 என்னும் விந்தையான ஆண்டு

நடுச்செவிப் புற்றுநோய் பற்றிய ஆய்வுக் கட்டுரைகள் பலவற்றின் முதல் பத்தியில் ஒரு செய்தி வருகிறது: காதுப் புற்றுநோயை முதலில் விவரித்தவர்கள் சுவார்ட்சும் வைல்டும், ஆண்டு 1775. ஒருவர் எழுதியதைப் பார்த்து மற்றொருவர் எழுத, இது பல பதிற்றாண்டுகளாகத் தொடர்ந்து வருகிறது. ஆனால் டப்ளின் நகர மருத்துவர் வில்லியம் வைல்டு பிறந்தது 1815-இல். ஹாலே நகரப் பேராசிரியர் ஹெர்மன் சுவார்ட்சு பிறந்தது 1837-இல். 1775-இல் இருவருமே பிறந்திருக்கவில்லை. எங்கோ ஓரிடத்தில் அச்சுப் பிழையாகவோ மேற்கோள் குழப்பமாகவோ புகுந்த ஆண்டு, சரிபார்க்கப்படாமல் நிலைத்துவிட்டது. அரிய நோய்களின் வரலாற்றில் இப்படி நேர்வது புதிதன்று. எழுதுவோர் சிலரே, மூலநூல்களைத் திறந்து பார்ப்போர் அவர்களிலும் சிலரே.

ஆண்டு தவறானாலும் பெயர்கள் பொருத்தமானவை. 1844-இல் டப்ளினில் புனித மாற்கு மருத்துவமனையை நிறுவிய வைல்டு, 1853-இல் காது அறுவை மருத்துவம் பற்றிய நூலை வெளியிட்டார். சீழ் வடியும் காதை அற்பமாக எண்ணக் கூடாது, அது எப்போது எங்கே எப்படி முடியும் என்று எவராலும் சொல்ல இயலாது என்ற கருத்தை அவர் வலியுறுத்தினார். அக்காலத்தில் இது வழக்கத்துக்கு மாறான கருத்து. குழந்தையின் காது ஒழுகினால் கெட்ட நீர் வெளியேறுகிறது, அதைத் தடுத்தால் நோய் தலைக்கு ஏறும் என்றே மக்களும் மருத்துவர் பலரும் நம்பினார்கள்.

காதினுள் வளரும் சதைத் திரளை அகற்ற வைல்டு ஒரு கம்பிச் சுருக்குக் கருவியை உருவாக்கினார். அது அவர் பெயராலேயே வழங்கியது. சுருக்கை மாட்டி இழுத்தால் சதை வந்துவிடும். அடித்தளத்தை வெள்ளி நைட்ரேட்டால் சுட்டுவிடுவார்கள். பல நோயாளிகளுக்கு அதுவே போதுமானதாக இருந்தது. சிலருக்குச் சில வாரங்களில் சதை திரும்ப வளர்ந்தது. மறுபடி இழுத்தார்கள், மறுபடி சுட்டார்கள். வெளியே எடுத்த சதையை நுண்ணோக்கியில் வைத்துப் பார்க்கும் பழக்கம் இன்னும் மருத்துவமனைகளுக்கு வரவில்லை. அழற்சியால் வந்த சதையும் புற்றால் வந்த சதையும் வெறுங்கண்ணுக்கு ஒன்றுபோலவே தோன்றும்: சிவந்து, ஈரமாக, தொட்டால் குருதி கசியும்.

வைல்டின் எச்சரிக்கை அவர் குடும்பத்திலேயே பலித்தது. அவருடைய மகன், எழுத்தாளர் ஆஸ்கார் வைல்டு, நெடுநாள் காது நோயால் துன்புற்றார். 1900 அக்டோபர் 10 அன்று பாரிசில் அவர் தங்கியிருந்த விடுதி அறையிலேயே காதில் அறுவை செய்யப்பட்டது. நவம்பர் 30 அன்று மூளையுறை அழற்சியால் இறந்தார். அது புற்று அன்று, சீழின் வேலை. அந்நாளில் ஒழுகும் காது ஆளைக் கொல்வது பெரும்பாலும் இவ்வழியில்தான். மூளையில் சீழ்க்கட்டி, மூளையுறை அழற்சி, சிரைக் குழியில் உறைகட்டி ஆகியவை சில நாட்களில் உயிரைப் பறித்தன. ஆகவே மருத்துவர்களின் கவனம் முழுவதும் அந்தப் பக்கமே இருந்தது. மெதுவாக வளரும் புற்று அந்த அவசரங்களின் நடுவில் எளிதில் கண்ணுக்குத் தப்பியது.

இறந்தவர் காதிலிருந்து உயிரோடு இருப்பவர் காதுக்கு

நடுச்செவிப் புற்றை முதலில் தெளிவாகப் பார்த்த இடம் பிணவறை. இலண்டனின் ஜோசப் டாயின்பீ ஏறத்தாழ 2,000 காதுகளை அறுத்து ஆராய்ந்தார். நோயாளி உயிரோடு இருந்தபோது சொன்ன குறைகளையும் இறந்தபின் எலும்பில் கண்ட மாற்றங்களையும் ஒப்பிடுவது அவருடைய முறை. 1860-இல் வெளியான அவரது காது நோய் நூலில் காதின் கொடிய கட்டிகளுக்கும் இடமுண்டு. காது இரைச்சலுக்கு மருந்து தேடித் தம்மீதே குளோரோபாம், ஹைட்ரோசயானிக் அமில ஆவிகளைச் சோதித்துப் பார்த்தபோது 1866-இல் இறந்துபோனார். பின்னாளில் புகழ்பெற்ற வரலாற்றாசிரியர் ஆர்னால்டு டாயின்பீ இவருடைய பேரன்.

ஜெர்மன் மொழி பேசும் நகரங்களில் பணி வேறு வேகத்தில் நடந்தது. 1858-இல் ருடால்ஃப் விர்கோ நோயின் இருப்பிடம் உயிரணு என்று நிறுவினார். தொடர்ந்த உறுத்தலும் அழற்சியும் கட்டிகளுக்குக் காரணமாகலாம் என்றும் 1860-களில் எழுதினார். ஆறாத தழும்புகளிலும் நெடுநாள் புண்களிலும் புற்று தோன்றுவது அறுவை மருத்துவர்களுக்கு ஏற்கெனவே அனுபவத்தில் தெரிந்திருந்தது. அத்தகைய புண்ணுக்கு, 1828-இல் தழும்புப் புண்களை வருணித்த பிரெஞ்சு மருத்துவர் மார்ஜோலினின் பெயர் பின்னர் வைக்கப்பட்டது. அழற்சியுற்ற தோலில் நடப்பது அழற்சியுற்ற காதிலும் நடக்கலாம் என்ற எண்ணத்துக்கு விர்கோவின் கோட்பாடு வழி திறந்தது.

1864-இல் டிரோல்ட்ச், பொலிட்சர், சுவார்ட்சு மூவரும் சேர்ந்து காது மருத்துவத்துக்கென்றே ஓர் ஆய்விதழைத் தொடங்கினார்கள். வியன்னாவில் 1873-இல் காது நோய்க்கென்று தனிச் சிகிச்சைப் பிரிவு அமைந்தது. ஆடம் பொலிட்சரும் யோசஃப் குரூபரும் அதை நடத்தினார்கள். பொலிட்சரின் பாடநூல் 1878-இலும் 1882-இலும் இரு பகுதிகளாக வந்தது. 1883-இல் ஆங்கிலத்துக்குப் போனது. நடுச்செவியிலிருந்தே தொடங்கும் புற்றுநோயை முதலில் விவரித்தவராக இன்று குறிப்பிடப்படுபவர் பொலிட்சர்தான். 1883 என்று பலர் எழுதும் ஆண்டு ஆங்கில மொழிபெயர்ப்பின் ஆண்டு.

திசுவை உயிரோடு இருப்பவரிடமிருந்து எடுத்து நுண்ணோக்கியில் பார்க்கும் முறையும் இதே பதிற்றாண்டில்தான் நிலைபெற்றது. பயாப்சி என்னும் சொல்லை 1879-இல் பிரெஞ்சுத் தோல் மருத்துவர் பெனியே அறிமுகப்படுத்தினார். இதன் பிறகே வைல்டின் சுருக்கில் வந்த சதைத் துண்டுக்குப் பொருள் ஏற்பட்டது. ஆனாலும் ஒவ்வொரு துண்டும் சோதனைக்கு அனுப்பப்படவில்லை. மேல்பகுதியில் கிள்ளிய துண்டில் அழற்சி மட்டுமே தெரிய, அடியில் புற்று இருந்த நிகழ்வுகளும் உண்டு. முதல் சோதனையில் புற்று இல்லை என்ற முடிவு வந்தால் அதோடு நிறுத்திக்கொள்ளக் கூடாது என்பதை மருத்துவர்கள் இழப்புகளின் வழியாகவே கற்றார்கள்.

உளியும் ரேடியமும்

மாஸ்டாய்டு எலும்பைத் திறந்து சீழை வெளியேற்றும் அறுவைக்கு ஒரு கெட்ட பெயர் இருந்தது. டென்மார்க் அரண்மனை மருத்துவர் பெர்கர், செவிட்டுத்தன்மைக்கும் காது இரைச்சலுக்கும் தீர்வு வேண்டி அந்த அறுவையைச் செய்துகொண்டு 1791-இல் இறந்தார். அதன்பின் பல பதிற்றாண்டுகள் அதைத் தொடவே மருத்துவர்கள் தயங்கினார்கள். 1873-இல் சுவார்ட்சும் அவருடைய உதவியாளர் ஐசெலும் எப்போது செய்ய வேண்டும், எப்படிச் செய்ய வேண்டும் என்ற முறையோடு அதை மீட்டார்கள். 1890-ஐ ஒட்டிய ஆண்டுகளில் நடுச்செவியையும் மாஸ்டாய்டையும் ஒரே குழியாக்கும் முழு அறுவை வந்தது.

இந்த அறுவைகள் சீழுக்காகச் செய்யப்பட்டவை. ஆனால் அவற்றால்தான் நடுச்செவி முதன்முறையாக உயிரோடு இருப்பவரிடம் கண்ணெதிரே திறந்து காட்டப்பட்டது. சீழை எதிர்பார்த்துத் திறந்த மருத்துவர் சில வேளைகளில் எலும்பு முழுவதும் பரவிய நொறுங்கும் சதையைக் கண்டார். புற்றுக்காகவே மாஸ்டாய்டை வெட்டி எடுத்த முதல் அறுவை 1899-இல் ஹையர் என்பவரால் செய்யப்பட்டதாகக் குறிக்கப்படுகிறது. எனினும் அந்நாளைய அறுவை புற்றைச் சுரண்டி எடுப்பதாகவே இருந்தது. உளியும் சுரண்டியும் எட்டும் இடம்வரை எடுப்பார்கள். எட்டாத இடத்தில் எஞ்சியது வளரும்.

அந்த எஞ்சியதை அழிக்க இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ரேடியம் வந்தது. அறுவைக் குழியினுள் ரேடியத்தை வைத்துச் சில மணி நேரமோ சில நாட்களோ விட்டுவைத்தார்கள். சிலருக்கு வலி குறைந்தது, குருதிக்கசிவு நின்றது. எலும்பு செத்துப்போவதும் உண்டு.

அதே ரேடியம் அதே எலும்பில் புற்றை உண்டாக்கியது என்பதை அக்காலத்தவர் அறியவில்லை. அமெரிக்காவின் நியூ ஜெர்சி மாநிலத்து ஆரஞ்சு நகரிலும் இல்லினாய்ஸ் மாநிலத்து ஒட்டாவா நகரிலும் இளம்பெண்கள் கடிகார முகப்புகளுக்கு இருட்டில் ஒளிரும் ரேடிய வண்ணம் பூசினார்கள். தூரிகையின் நுனியைக் கூராக்க உதடுகளால் நனைத்தார்கள். ஒவ்வொரு முறையும் சிறிது ரேடியம் வயிற்றுக்குள் போய் எலும்பில் தங்கியது. தாடை எலும்பு அழுகி இறந்த முதல் பெண்களின் நிலையை நோயியல் மருத்துவர் ஹாரிசன் மார்ட்லண்டு 1925-இல் வெளிப்படுத்தினார். பிழைத்திருந்தவர்களுக்குப் பல பதிற்றாண்டுகள் கழித்து வேறொரு நோய் வந்தது. எலும்பில் தங்கிய ரேடியம் சிதைந்து ரேடான் வளியாகிறது. அந்த வளி மூக்கைச் சூழ்ந்த எலும்புக் குழிகளிலும் மாஸ்டாய்டின் காற்றறைகளிலும் தேங்கி, உட்பூச்சின் உயிரணுக்களை ஆண்டுக்கணக்கில் கதிர்களால் தாக்குகிறது. அந்த இடங்களில் புற்று தோன்றியது. இயல்பாக ஆயுட்காலத்தில் ஒன்றைக்கூடக் காணாத மருத்துவர்கள் இருக்க, ஒரே தொழிலைச் செய்த பெண்களிடையே மாஸ்டாய்டுப் புற்று மீண்டும் மீண்டும் தென்பட்டது. அவர்களுக்குக் காது ஒழுகிய வரலாறு இருக்க வேண்டிய தேவை இல்லை. சீழ் ஒரு பாதை; அது ஒன்றே பாதை அன்று என்பதற்கு இந்தப் பெண்களின் எலும்புகள் சான்றாயின.

முழு எலும்பையும் எடுக்கும் துணிவு

இரண்டாம் உலகப் போருக்குப் பிந்தைய பத்தாண்டு இந்நோயின் சிகிச்சையில் திருப்புமுனை. குருதி ஏற்றுதல் எளிதாகியிருந்தது, மயக்க மருத்துவம் முன்னேறியிருந்தது, பெனிசிலின் கிடைத்தது. 1951-இல் அமெரிக்காவின் ஆல்பனி நகர மூளை அறுவை மருத்துவர் எல்ட்ரிட்ஜ் காம்ப்பெல்லும் உடன் பணியாற்றியோரும் நடுச்செவிப் புற்றுக்காகப் பொட்டெலும்பையே முழுமையாக அகற்றிய அறுவையை வெளியிட்டார்கள். 1954-இல் பார்சன்சும் ஜான் லூயிசும் கரோட்டிட் தமனியைக் காப்பாற்றி எலும்பின் பெரும்பகுதியை ஒரே துண்டாக எடுக்கும் முறையை விவரித்தார்கள்.

அறுவைக்கு உடன்பட்ட நோயாளி எதை இழக்கிறார் என்பதையும் பார்க்க வேண்டும். அந்தப் பக்கக் கேள்திறன் போய்விடும். முகநரம்பு வெட்டப்பட்டால் பாதி முகம் தொங்கிப்போகும், கண் மூடாது, உணவு உதட்டோரம் வழியும். சமநிலை குலைந்து மாதக்கணக்கில் தள்ளாட நேரும். கழுத்துச் சிரைக்கு அருகிலுள்ள நரம்புகள் பாதிக்கப்பட்டால் விழுங்குவதும் பேசுவதும் கடினமாகும். இத்தனையும் கொடுத்தபின் கிடைக்கும் வாய்ப்பு என்ன? 1975-இல் லூயிஸ் 100 நோயாளிகளின் முடிவுகளை வெளியிட்டபோது, ஐந்தாண்டு கடந்து வாழ்ந்தவர் ஏறத்தாழ நான்கில் ஒருவரே. அதற்கு முந்தைய நிலையோடு ஒப்பிட்டால் அது முன்னேற்றம் என்பதே அந்தக் காலத்தின் நிலைமையைக் காட்டுகிறது.

1984-இல் கிரகாமும் அவருடைய குழுவினரும் கரோட்டிட் தமனியையும் சேர்த்து எடுக்கும் அறுவையை விவரித்தார்கள். துணிவின் எல்லை என்று அதைச் சொல்லலாம். இன்று அத்தகைய அறுவை மிக அரிதாகவே செய்யப்படுகிறது. புற்று தமனியைச் சூழ்ந்துவிட்ட பிறகு எவ்வளவு வெட்டினாலும் பலன் சிறிதே என்ற கருத்து வலுப்பட்டது.

அது ஏன் என்பதற்கு 1980-இல் இலண்டனின் லெஸ்லி மைக்கேல்சும் வெல்சும் செய்த ஆய்வு விடை தருகிறது. இறந்தவர்களின் பொட்டெலும்புகளை மெல்லிய சீவல்களாக வெட்டி, புற்று எந்த வழியில் பரவுகிறது என்று அவர்கள் பார்த்தார்கள். நடுச்செவிக்கும் கரோட்டிட் தமனிக்கும் இடையில் மிக மெல்லிய எலும்புத் தகடு ஒன்றே உள்ளது. புற்று அதை எளிதில் அரித்துத் தமனியின் பக்கம் போய்விடுகிறது. உட்செவியைச் சூழ்ந்த எலும்போ உடலிலேயே மிகக் கடினமானவற்றுள் ஒன்று; அது நெடுநாள் தாக்குப்பிடிக்கிறது. ஆகவே நோயாளிக்கு உட்செவி பாதிக்கப்பட்ட அடையாளம் பெரிதாக இல்லாதபோதே புற்று தமனியை எட்டியிருக்கலாம்.

அளவிடக் கற்றல்

1953-இல் ஜெர்மனியின் சைஸ் நிறுவனம் வெளியிட்ட அறுவை நுண்ணோக்கி காது மருத்துவத்தையே மாற்றியது. அதுவரை பெரும்பாலும் வெறுங்கண்ணால் பார்த்த இடங்களை மருத்துவர் இப்போது பெரிதாக்கிப் பார்த்தார். அதைவிடப் பெரிய மாற்றம் 1970-களில் தொடங்கிய சி.டி. ஸ்கேன். எலும்பின் எந்தச் சுவர் அரிக்கப்பட்டுள்ளது என்று அறுவைக்கு முன்பே தெரிந்தது.

இதன் பயனாக 1990-இல் பிட்ஸ்பர்க் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த அரியாகாவும் குழுவினரும் ஒரு நிலைப்பாட்டு முறையை முன்வைத்தார்கள். 2000-இல் அது சற்றே திருத்தப்பட்டது. காதுக் குழாய்க்குள் அடங்கிய சிறு புற்று முதல் நிலை. நடுச்செவியை எட்டியிருந்தால் குறைந்தது மூன்றாம் நிலை. முகவாதம் வந்திருந்தால் நான்காம் நிலை. இதைக் கவனித்துப் பார்த்தால் ஒன்று விளங்கும்: இந்தக் கணக்கில் நடுச்செவியில் தொடங்கும் புற்று கண்டுபிடிக்கப்படும் நாளிலேயே முற்றிய நோயாகிவிடுகிறது. அதற்கு முதல் நிலையும் இல்லை, இரண்டாம் நிலையும் இல்லை.

கதிர்வீச்சுச் சிகிச்சையும் இதனோடு வளர்ந்தது. இலண்டனின் மானுவல் லெடர்மன் 1965-இல் காதுப் புற்று நோயாளிகளின் பெரிய தொகுப்பை வெளியிட்டார். அறுவை மட்டும், கதிர் மட்டும் என்ற பழைய வாதம் தணிந்து, இரண்டையும் சேர்த்துத் தருவதே வழக்கமாயிற்று.

குழந்தைகளின் காதில்

செதிள் உயிரணுப் புற்று பெரும்பாலும் நடுவயதினருக்கும் முதியோருக்கும் வருவது. ஆனால் குழந்தைகளுக்கு நடுச்செவியில் வரும் புற்றுகளில் முதன்மையானது தசை உயிரணுக்களிலிருந்து தோன்றும் ராப்டோமையோசார்க்கோமா. அதுவும் காது ஒழுக்கைப் போலவே தொடங்கும். குழந்தையின் காதில் சீழ், கொஞ்சம் குருதி, குழாயை அடைக்கும் சதை. சொட்டு மருந்து போடுவார்கள், குறையாது. சில வாரங்களில் முகம் ஒருபக்கம் கோணும். 1960-கள் வரை இந்தக் குழந்தைகளில் பிழைத்தோர் மிகச் சிலரே. 1972-இல் அமெரிக்காவில் பல மருத்துவமனைகள் கூட்டாகத் தொடங்கிய ஆய்வுத் திட்டம், மருந்துச் சிகிச்சையையும் கதிர்வீச்சையும் இணைத்து இந்நிலையை மாற்றியது. பொட்டெலும்பை வெட்டி எடுக்காமலே பல குழந்தைகள் குணமாக முடிந்தது. பெரியவர்களின் புற்றில் இத்தகைய பாய்ச்சல் இதுவரை நிகழவில்லை.

காரணம் பற்றிய வழக்கு

நெடுநாள் சீழ்தான் புற்றுக்குக் காரணமா? வெளியான நோயாளித் தொகுப்புகள் பலவற்றில் பாதிக்கும் மேற்பட்டோருக்குக் காது ஒழுகிய பழைய வரலாறு உண்டு. இதைக் கொண்டு தொடர்பு உறுதி என்போர் ஒருபுறம். மறுபுறம், உலகச் சுகாதார நிறுவனத்தின் 2004-ஆம் ஆண்டு அறிக்கை உலகில் 6.5 கோடி முதல் 33 கோடிப் பேர் வரை ஒழுகும் காதோடு வாழ்வதாக மதிப்பிட்டது. இத்தனை கோடிப் பேரில் புற்று வருவோர் மிக மிகச் சிலர். அதோடு, சீழ் வடிவதே புற்றின் முதல் அறிகுறியாகவும் இருக்கலாம். எது முன், எது பின் என்று பிரிப்பது எளிதன்று. இருபது ஆண்டு ஒழுகிய காதுக்கு இந்த ஐயம் பொருந்தாது. ஆறு மாதம் ஒழுகிய காதுக்குப் பொருந்தும். பழைய தொகுப்புகளில் இரண்டும் கலந்தே எண்ணப்பட்டிருக்கின்றன.

கொலஸ்டியாட்டோமாவின் நிலையும் அதுவே. உள்ளே புகுந்த தோல் இருப்பதால் அங்கிருந்து தோல்வகைப் புற்று தோன்றும் என்று எதிர்பார்ப்பது இயல்பு. ஆனால் உலகெங்கும் கொலஸ்டியாட்டோமாவுக்காகச் செய்யப்படும் எண்ணற்ற அறுவைகளில் புற்று கிடைப்பது மிக அரிது. முன்பு முழு அறுவை செய்து திறந்துவிடப்பட்ட குழியில் பல ஆண்டுகள் கழித்துப் புற்று வந்த செய்திகள் உண்டு.

1997-இல் தைவானிலிருந்து வந்த ஆய்வு வழக்கில் புதிய சாட்சியைக் கொண்டுவந்தது. நெடுநாள் காது அழற்சியோடு வந்த 14 நடுச்செவிப் புற்றுகளை ஜின்னும் குழுவினரும் ஆராய்ந்தபோது, அவற்றில் 11-இல் மனிதப் பாப்பிலோமா வைரசின் மரபுப் பொருள் கிடைத்தது. கருப்பைக் கழுத்துப் புற்றுக்குக் காரணமான அதே வைரஸ். அழற்சி மட்டும் போதாது, அழற்சியுற்ற சவ்வில் வைரசும் குடியேறினால் புற்று உண்டாகிறது என்று இதற்குப் பொருள் கொள்ளலாம். ஆனால் பிற நாடுகளில் பின்னர் நடந்த ஆய்வுகளில் வைரஸ் இவ்வளவு அதிகமாகக் கிடைக்கவில்லை. மூக்கின் பின்பகுதிப் புற்றுக்குக் கதிர்வீச்சு பெற்றவர்களுக்குப் பல ஆண்டுகள் கழித்துப் பொட்டெலும்பில் புற்று வருவதும் பதிவாகியுள்ளது. ரேடியப் பெண்களின் கதையோடு இது ஒத்துப்போகிறது.

எனவே இன்றைய நிலை இதுதான்: நெடுநாள் அழற்சி ஆபத்தைக் கூட்டுகிறது என்று பெரும்பாலோர் ஏற்கிறார்கள், அது ஒன்றே காரணம் என்று எவரும் சொல்வதில்லை.

எங்கே ஒழுகுகிறது

சல்பா மருந்துகளும் பெனிசிலினும் வந்தபின் செல்வ நாடுகளில் மாஸ்டாய்டு நோயாளிகளுக்கான படுக்கைகள் காலியாயின. ஒழுகும் காது அங்கே அரிதாயிற்று. பிற இடங்களில் அப்படி ஆகவில்லை. உலகச் சுகாதார நிறுவனத்தின் அதே 2004 அறிக்கை, மக்களில் 4 விழுக்காட்டுக்கு மேல் இந்நோய் உள்ள நாடுகளின் பட்டியலில் இந்தியாவைச் சேர்த்திருந்தது. தமிழ்நாட்டு ஊர்களில் காது ஒழுக்கு, காதில் சீழ் என்று சொல்லப்படுவது இதுவே. சளி பிடித்தால் வரும், தானாகப் போகும் என்று விடுவதும், காய்ச்சிய எண்ணெய் ஊற்றுவதும் இன்னும் முற்றாக மறையவில்லை. பாதிக்கப்பட்டவர்கள் பெரும்பாலும் ஏழைக் குழந்தைகள். நெரிசலான வீடு, ஊட்டக் குறைவு, அழுக்கு நீரில் குளியல், மருத்துவமனைக்குப் போக ஒருநாள் கூலியை விட வேண்டிய நிலை ஆகியவை சேர்ந்தே ஒரு காதைப் பல ஆண்டுகள் ஒழுக வைக்கின்றன.

ஒழுகும் காதில் எந்த மாற்றம் புற்றின் ஐயத்தை எழுப்ப வேண்டும் என்பதில் பாடநூல்கள் ஒத்துப்போகின்றன. பழைய சீழில் குருதி கலந்து வருதல். வலியே இல்லாதிருந்த காதில் இரவில் தூங்கவிடாத ஆழமான வலி. மருந்துக்கு அடங்காமல் திரும்பத் திரும்ப வளரும் சதை. முகம் ஒருபுறம் இழுத்துக்கொள்ளுதல். இவற்றுள் வலிதான் முக்கியமானது. சீழ் வெளியேற வழியுள்ள நெடுநாள் காது நோயில் பொதுவாக வலி இருப்பதில்லை; ஆகவே புதிதாக வந்த வலிக்குக் காரணம் தேட வேண்டும். காதிலிருந்து அகற்றும் சதைத் துண்டுகளை நோயியல் சோதனைக்கு அனுப்புவது காது அறுவையில் இன்று வழக்கமாகியுள்ளது. முதல் முடிவில் ஐயம் தீராவிட்டால் இன்னும் ஆழமான இடத்திலிருந்து இரண்டாவது துண்டு எடுக்கப்படுகிறது.